பதினேழு விநாடிகள்

காலை 7.40. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பேருந்து முந்தலில் நின்றது. நான் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது முன் இருக்கைப் பெண்ணின் போன் திரை. அதில் மங்கிய பழைய படம் ஒன்று. படத்தைத் தெளிவாக்கும் பொத்தானில் அவர் விரலை வைத்ததும், இரண்டு விநாடியில் அந்த முகத்துக்கு இமை மயிர் முளைத்தது.

"உங்கட வாப்பாவா?" என்று கேட்டார் பக்கத்திலிருந்தவர்.

அந்தப் பெண் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்படித்தான் நினைக்கிறன்."

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வியர்வை பழையது.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பத்திரிகையின் புத்தளம் நிருபர். தில்லையடியில் கலியாண வீடியோ எடுக்கும் நவ்பரோடு சேர்ந்து, கற்பிட்டிக் கடலிலிருந்து திரும்பி வராத ஒரு படகைப் பற்றி இருபது நிமிடப் படம் செய்தேன். கொழும்பில் ஒரு சிறிய திரைப்பட விழா அதை ஏற்றுக்கொண்டது. படம் முழுவதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் மூன்று அளவுகள் இருந்தன: கட்டாரிலிருந்து வந்தவரிடம் இரவல் வாங்கிய கமெராவின் பெரிய படம், நவ்பரின் கமெராவின் நடுத்தரப் படம், படகோடு போன அந்தோனி வீட்டில் விட்டுப்போன போனில் தன்னைத்தானே பிடித்த பதினேழு விநாடிச் சின்னப் படம். பெரியதைச் சுருக்கினால் குற்றமில்லை. சின்னதைப் பெருப்பித்தால் முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும்.

அந்தப் போனின் மெமரி கார்டை, மருந்துக் கடை உறையில் போட்டுத் தந்தவர் அந்தோனியின் மனைவி திரேசா. தலவிலயில் வீடு. "சத்தத்த மட்டும் வெட்டிராதீங்க தம்பி. அதில என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு."

இதைக் குறிப்புப் புத்தகத்தில் சொல்லுக்குச் சொல் எழுதி, மேற்கோள் குறியும் போட்டேன். நவ்பரிடம் சொல்ல மறந்தேன். அவனிடம் நான் சொன்னது, "மங்கலா இருக்கு, என்னவாவது செய்" என்பது மட்டும்தான்.

நவ்பரை ஊர் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணப் படத்தை ஒப்படைக்கும்போது, பெண் வீட்டாரின் கண் முன்னாலேயே கார்டையும் கணினியையும் துடைத்துவிடுவான். பெண்கள் பக்கத்துப் படம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. எங்கள் படம் முடிந்த பின்னேரமும், திரேசா தந்த கார்டு உட்பட எல்லாவற்றையும் அப்படியே துடைத்தான்.

"பாத்துக்கங்க காக்கா, ஒரு தூசு இல்ல."

அண்ணனைக் காக்கா என்பான் அவன். நான் தலையாட்டினேன். தேநீரையும் குடித்தேன்.

மறுநாள் வீட்டில் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் திரை நிறைய அந்தோனி, நவ்பர் மினுக்கித் தரும் கலியாண மாப்பிள்ளைகளைப் போலச் சிரித்தார். மெழுகு போட்ட கன்னம். இடது புருவத்துத் தழும்பு இல்லை. பின்னணியில் புல்லாங்குழல். வேறு சத்தம் எதுவும் இல்லை.

தில்லையடிக்கு ஓடினேன். "நவ்பர், அந்தோனிட அசல் வீடியோ எங்க? மத்தக் கொப்பி?"

"எந்தக் கொப்பி? நீங்களும் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க!" சிரித்துக்கொண்டே சொன்னவன், என் முகத்தைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "கார்ட்ல வேற ஒண்டும் எழுதல்ல காக்கா, திருப்பி எடுக்கலாம். வாங்க."

புத்தளத்தில் போன் திருத்துபவர் இரண்டு மணித்தியாலம் பார்த்தார். கொஞ்சம் மீண்டது. அதை என் போனில் ஏற்றிக்கொண்டு திரேசா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவருக்குச் சொல்ல வேண்டிய முதல் வசனத்தை, செய்தி எழுதுவதுபோல, ஆறு தடவை திருத்தினேன். ஒரு தரிப்பிடம் முந்தியே இறங்கி நடந்தேன். நேரம் கிடைக்கும் என்று.

திரேசா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். போனைக் கொடுத்தேன். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

"முகம் எனக்குப் பாடம் தம்பி. சத்தம் எங்க?"

"கடலிரைச்சல் இருக்கு அக்கா."

"அது இங்கயும் இரிக்கிதே."

விழாவில், மெழுகு முகத்தை எடுத்துவிட்டு மீண்டதைக் காட்டினோம். பெருப்பிக்கவில்லை. கறுப்புத் திரையின் நடுவில், தபால்தலை அளவில். திரேசா வரவில்லை.

நவ்பரின் கடை இருந்த இடத்தில் இப்போது மருந்தகம். அவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அந்தக் கார்டு என் மேசையில் இருக்கிறது, எந்தக் கணினியும் அதைத் திறப்பதில்லை.

மீண்டது முதல் நான்கு விநாடி. அந்தோனி "திரேசி" என்று கூப்பிடுவது ஒன்பதாவது விநாடியில்.