குணசீலி சொல்ல மறுத்த வாக்கியம்

தாராவி சபையில் குணசீலிக்கு ஒரே ஒரு வேலைதான். பிரசங்கியார் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் நின்று அவள் அதை ஹிந்தியில் சொல்வாள். தாராவியிலேயே பிறந்து ஹிந்தியில் படித்த பிள்ளைகளுக்கு ஆண்டவர் குணசீலியின் குரலில்தான் பேசினார். செம்பூரில் ஒரு கூரியர் ஆபீஸில் வாரமெல்லாம் போனில் தொண்டை கிழியப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்து நிற்பாள். பிரசங்கியார் கையைத் தூக்கினால் இவளும் தூக்குவாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அறுவைப் பிரசங்கத்தைக்கூட அறுவை குறையாமல் ஒப்படைப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமை.

மழைக்காலம் முடிந்ததும் எழுப்புதல் கூட்டம் வைத்தார்கள். நெல்லைப் பக்கத்திலிருந்து பேர்பெற்ற பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். எழுப்புதல் என்றாலே சத்தம்தான் என்று நம்புகிறவர்களுக்கு மனம் குளிரும்படி பேசினார். குணசீலியும் ஈடுகொடுத்தாள்.

முன்வரிசையில் ரஞ்சனா உட்கார்ந்திருந்தாள். மராத்திப் பெண், சபைப் பையன் செல்வினைக் காதலித்துக் கட்டி, ஞானஸ்நானம் வாங்கிச் சபைக்குள் வந்தவள். தமிழ் தெரியாது, ஹிந்தி புரியும். செல்வின் டெங்குவில் கிடந்தபோது சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. அவன் பிழைக்கவில்லை. மருமகளின் அரைகுறை விசுவாசம்தான் மகனைக் கொண்டுபோயிற்று என்று மாமியார் ஞானதீபம் முடிவு கட்டி, அடக்கம் முடிந்த கையோடு அவளைத் தாணேயிலுள்ள தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஓர் ஆறுதல் வார்த்தை கிடைக்காதா என்று ரஞ்சனா ரயிலேறி வந்திருந்தாள். ஞானதீபமோ பக்கத்து வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

வெளியூர்க்காரரான பிரசங்கியாருக்கு இதெல்லாம் தெரியாது. பேச்சு சூடுபிடித்த வேகத்தில் சொன்னார்: "சபை உபவாசமிருந்து ஜெபிச்சும் ஒரு வீட்டுல சாவு விழுந்துச்சுன்னா, அந்த வீட்டுக்குள்ள ஒரு அவிசுவாசி இருக்கான்னு அர்த்தம்."

எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னது ஞானதீபம்தான்.

ரஞ்சனா நிமிர்ந்து குணசீலியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அந்தப் பெண்ணுக்குத் தெரியவா போகிறது? ஆனால் பிரசங்க மேடையில் நின்று பொய் சொல்ல குணசீலிக்கு வராது. மொழிபெயர்ப்பு வராததைக் கண்ட பிரசங்கியார், கேட்கவில்லையோ என்று நினைத்து, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"இத நான் சொல்ல மாட்டேன் ஐயா," என்றாள் குணசீலி. "செத்துப்போனவன் பெஞ்சாதி முன்னால உக்காந்திருக்கா. பிறவிக்குருடனக் காட்டி, இது யாரு செஞ்ச பாவம்னு சீஷங்க கேட்டப்போ ஆண்டவரு யாரையும் கைகாட்டல. நாம யாரு காட்டுறதுக்கு?"

சபைக் கமிட்டிக்காரர்களின் முகம் வெளிறிப்போயிற்று. இனி இந்த அம்மாவை மேடையேற்றக் கூடாது என்று அங்கேயே குசுகுசுத்தார்கள். பிரசங்கியார் மட்டும், அவரைப் பாராட்டத்தான் வேண்டும், ரஞ்சனாவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மைக்கைத் தாழ்த்தினார். "நான் பேசினது தப்பு சிஸ்டர். அந்தப் பிள்ளைக்கு நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

அந்த மேடையில் முதல்முறையாக குணசீலி தன் சொந்த வார்த்தையைப் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால்படியிட்டுக் கிடந்த ரஞ்சனாவைத் தன் கண்ணால் பார்த்ததாக ஹிந்தியில் சொன்னாள். அதற்குமேல் ஜெபிக்க யாராலும் முடியாது என்றாள். அப்படி ஜெபித்தும் ஆண்டவர் ஏன் செல்வினைப் பிழைக்கவைக்கவில்லை என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். தெரியாது என்று அந்த மேடையிலிருந்து ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. என்ன துணிச்சல் அந்த மனுஷிக்கு! ரஞ்சனா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஞானதீபத்துக்கும் ஹிந்தி நன்றாகத் தெரியும். மகன் கிடந்த அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகளை அவளும்தான் பார்த்திருந்தாள். எழுந்து வந்து ரஞ்சனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தாணேக்குப் போவாண்டாம்," என்றாள் தமிழில். "எந்திரி, நம்ம வீட்டுக்குப் போவோம்."

மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை; ரஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளோடு எழுந்தாள்.