முப்பத்திரண்டு குடம் நல்ல தண்ணீர்

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். கூத்தையா எட்டு மாத விருந்தாளி. பட்ட பாட்டை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கமுதிக்குத் தெற்கே, மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்க்கும் சின்னக்கருப்பனின் மகன் அவன். அவர்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சென்னையில் உபகாரச் சம்பளத்தில் தாவரவியல் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஆராய்ச்சி கடற்பாசியைப் பற்றியது. அதை வளர்த்துப் பார்க்கக் கடலோரத்தில் தொட்டி வேண்டும். மண்டபத்துக்கு மேற்கே வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே எட்டு மாதத்துக்கு ஒரு மேசையும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் தருவதாகக் கடிதம் வந்தது. 1960ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு தகரப் பெட்டியோடு மண்டபம் ஸ்டேஷனில் இறங்கினான்.

அடுத்தவன் வீட்டில் பசித்தாலும் கேட்க முடியாது, பசிக்காவிட்டாலும் சொல்ல முடியாது. அந்தப் பிழைப்புத்தான். மேசை கதவோரம், போகிற வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போனார்கள். மைக்ராஸ்கோப் அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் கைக்கு வரும். நூலகச் சாவியை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்க வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவன் பெயரை ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ‘சென்னை ஆள்’ என்றார்கள். கமுதிக்காரனுக்கு அப்படி ஒரு பெயர்.

தொட்டியில் நாற்பது கயிறுகள். கயிற்றுக்கு ஐந்து துண்டாகக் கஞ்சிப்பாசியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். தினமும் காலையில் கடலுக்குள் முழங்கால் அளவு இறங்கி, வாளி வாளியாகக் கடல் தண்ணீர் சுமந்து வந்து மாற்றுவான். செவ்வாய்க்கிழமைதோறும் ஒவ்வொரு துண்டாக எடுத்து அளந்து நோட்டில் எழுதுவான். நல்ல தண்ணீர் பட்டால் இந்தப் பாசி அழுகிவிடும். ஐப்பசி அடைமழையில், தொட்டிக்குள் மழைத்தண்ணீர் விழுந்துவிடக் கூடாதென்று ஓலைத்தட்டியைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க நின்றிருக்கிறான். பொங்கலுக்கு மற்றவர்கள் ஊருக்குப் போனார்கள். அவன் தண்ணீர் சுமந்தான். மாசி பிறந்தபோது தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. இன்னும் ஒரு மாத அளவுதான் பாக்கி. அதை எழுதிவிட்டால் பட்டம் கைக்கு வந்த மாதிரி. வெற்றி தோல்வி எல்லாம் மறந்துபோய், எப்படியாவது முடிந்தால் போதும் என்ற அலுப்பு அவனுக்கு.

அந்த மாசியில் ஒருநாள், நீர் வற்றும் சமயம் பார்த்துப் பக்கத்துத் தீவுக்குப் பாசி எடுக்கப் படகில் போனான். மறுநாள் காலையில்தான் திரும்பினான். தொட்டிக் கொட்டகை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனுடைய அய்யா நின்றார்.

“வாங்கய்யா. எப்ப வந்தீக? ஒரு காயிதம் போடக் கூடாதா?”

“நேத்து மத்தியானமே வந்துட்டம்ல. மொளகா மொத வத்தல் எடுத்தாச்சு, ஒன்னப் பாத்துட்டுப் போவம்னு வந்தேன். இந்தப் பாய்தான் சோறு போட்டு, இங்கன படுத்துக்கிருங்கன்னாரு.”

பாய் என்றது கூடத்துக் காவல்காரர் ஹாஜா முகைதீனை. வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடக் கூடாது என்று போர்டே இருக்கிறது. பெற்ற தகப்பன் வெளியாள் ஆவானா என்று அவர் விட்டுவிட்டார். ‘இதுதான் உங்க மகன் வளக்குற பாசி’ என்று தொட்டியையும் காட்டிவிட்டு, நேற்றே வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

“எல்லாம் சரியாத்தாம்ல இருக்கு,” என்றார் சின்னக்கருப்பன். “தண்ணியத்தான் கவனிக்காம விட்டுட்ட. விரல விட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், ஒரே கரிப்பு. உப்புத்தண்ணி பாஞ்சா எந்த வெள்ளாமைதான் நிமிரும்? படிச்ச புள்ள, நீ இப்படிச் செய்யலாமா? அம்புட்டையும் இறைச்சுப்போட்டு நல்ல தண்ணி மாத்தி விட்டேன். முப்பத்திரண்டு குடம்.”

கூத்தையா தொட்டிக்குள் பார்த்தான். கருஞ்சிவப்பாக இருந்த பாசி வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் ரோஸ் நிறத்தில் நின்றது. ஒரு துண்டைத் தொட்டான். பழைய சோற்றுப் பருக்கை போல விரலோடு வந்துவிட்டது. ஏழு மாதம். அவனுக்கு வந்த ஆத்திரத்தில், பெற்றவரிடம் பேசக் கூடாத சொல்லெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. வாயைத் திறந்தும் விட்டான்.

அதற்குள் அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பள்ளிவாசல் கிணத்துல. குடிக்கத் தண்ணி கேட்டேன், பாய்தான் வழி காட்டுனாரு. நானே வாளிய விட்டு இறைச்சேன். நாலு பேரு பக்கத்துல நின்னாக. ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல.”

அவர்கள் ஊர் ஊருணியில் சின்னக்கருப்பன் தெருக்காரர்கள் குடத்தை முக்கக் கூடாது. கரையில் ஒதுங்கி நிற்க வேண்டும். யாராவது மனசு வைத்து ஊற்றினால் உண்டு. ஐம்பத்தைந்து வயதுவரை அவர் அப்படி நின்றவர். கூத்தையாவும் சின்ன வயதில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான். நேற்று ஒரு நாள் அவர் தன் கையால் முப்பத்திரண்டு தடவை இறைத்திருக்கிறார்.

“ஏம்ல, பயிரு பொழைச்சுக்கிருமா?”

“பொழைச்சுக்கிரும்யா. சாப்பிட்டீகளா?” என்றான் கூத்தையா.

மத்தியான ரயிலில் அவரை ஏற்றிவிட்டு வந்துதான் தொட்டியைக் காலி செய்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

கூடத்துத் தலைவர் ராமசுப்பிரமணியன் ஒழுங்கு பார்க்கிற மனிதர், ஆனால் ஈவிரக்கம் உள்ளவர். “உங்க கடிதத்தில எட்டு மாசம்தான். அடுத்து கல்கத்தாவிலேருந்து ஒருத்தர் வர்றார். ஆனா வெளியாள் யாரோ புகுந்து கெடுத்திருந்தா அது எங்க தப்பு. கல்கத்தாக்காரரை நிறுத்தி வச்சிட்டு இன்னொரு எட்டு மாசம் தர எனக்கு அதிகாரம் இருக்கு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க,” என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதினால் ஹாஜா முகைதீனின் வேலை போகும். அய்யாவின் பெயர், பாசியை அழித்த ஆள் என்று ஒரு பைலில் ஏறி உட்கார்ந்திருக்கும். எழுதாவிட்டால் பட்டம் போகும். உபகாரச் சம்பளமும் சித்திரையோடு சரி. காகிதத்தை வைத்துக்கொண்டு கூத்தையா அந்தக் கதவோர மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ஹாஜா முகைதீனே வந்தார். “தம்பி, எம்பேரை எழுதிருங்க. அல்லா வேற வழி விடுவான். ஒங்க ஏழு மாசத்துப் பாட்ட நான் கண்ணால பாத்தவன்.”

“நீங்க கிணத்தக் காட்டுனீகளே பாய், அது போதும்,” என்றான் கூத்தையா. ‘என் கவனக்குறைவினால் நல்ல தண்ணீர் கலந்துவிட்டது’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பைலில் வைத்துவிட்டார்.

டாக்டர் பட்டம் அத்தோடு சரி. ஒரு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பரமக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் ஆனான். ஏன் சார் ஆராய்ச்சியை விட்டீங்க என்று சக வாத்தியார்கள் கேட்பார்கள். அலுத்துப்போச்சு சார் என்பான். அது பொய்யும் இல்லை.

சின்னக்கருப்பனுக்கோ சொல்லித் தீரவில்லை. டீக்கடை, களத்துமேடு, எழவு வீடு, ஓரிடம் பாக்கி விடவில்லை. மகனுக்கு நிச்சயமான பெண் பூமயிலின் வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்தபோதும் ஆரம்பித்துவிட்டார்.

“கடலோரத்துல பெரிய படிப்பு படிச்சுக்கிட்டு இருந்தான் இவன். உப்புத்தண்ணியில போட்டு வெள்ளாமையக் கருக விட்டுட்டான். நான் மட்டும் அன்னைக்குப் போகலேன்னா இவனுக்கு இந்த வேலை ஏது? முப்பத்திரண்டு குடம். நானே இறைச்சேன். ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல.”

சம்பந்தி வீட்டார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்களும் ஊருணிக் கரையில் ஒதுங்கி நிற்கிறவர்கள்தான். ஒரு கிழவர் மெல்ல, “கயித்தையே தொட்டீகளா?” என்று கேட்டார்.

“தொட்டனாவா? கையெல்லாம் தடிச்சுப்போச்சு,” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிய சின்னக்கருப்பன் மகன் பக்கம் திரும்பினார். “ஏலே, நீயே சொல்லு. ஒரு குடமாச்சும் வீணாப் போச்சா?”

கூத்தையா அந்த உள்ளங்கையைப் பார்த்தான். எதிரே இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

“ஒரு குடங்கூட வீணாப் போகலய்யா,” என்றான்.