எண் மாறிய போல்ட்

காவலர் பயிற்சிப் பள்ளியில் என் தங்கச்சிக்குப் பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் கயிறு கட்டி ஒன்று தொங்கவிட்டிருப்பாள். சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டாள். ஆயுதக் கிடங்கில் அவள் ஃபிட்டர். நான் அங்கேயே லாரி ஓட்டுகிறேன்.

அங்கிருக்கும் பழைய ராணுவத் துப்பாக்கிகள் இரண்டு வகை. சிலது சுடுவதற்கு. தேய்ந்து போனவை அணிவகுப்பில் தோளில் சுமக்க மட்டும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான். இரும்பில் அடித்த முத்திரைதான் ஆளைக் காட்டும். சுமக்கிற வகையில் 'டி.பி.', அதாவது டிரில்லுக்கு மட்டும், என்று அடித்திருக்கும். சுடுகிற துப்பாக்கியின் உடம்பில் ஓர் எண் இருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டிலும் அதே எண் இருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை துடைக்கக் கொடுத்தால், பயிற்சிப் பிள்ளைகள் எல்லா போல்ட்டையும் ஒரே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுக் கழுவி, கைக்கு வந்ததை மாட்டிவிட்டார்கள். எந்த போல்ட்டும் எதிலும் பொருந்திவிட்டதுதான் வில்லங்கம். சுமக்கிற துப்பாக்கிகளை நான் ஏற்றிப்போய், பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் அணிவகுப்புக்கு இறக்கிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் தங்கச்சி எல்லாவற்றையும் எண் பார்த்து மாற்றி முடித்திருந்தாள், ஒன்றைத் தவிர. அதில் 'டி.பி.' போல்ட் உட்கார்ந்திருந்தது; அதன் சொந்த போல்ட் நான் மைதானத்தில் இறக்கிய ஏதோ ஒரு துப்பாக்கியில் போயிருந்தது. அது அங்கேயே பயிற்சியில் இருக்கும் என் மகள் பழகிய துப்பாக்கி. மறுநாள் சுடும் தேர்வு. உபரித் துப்பாக்கி கிடையாது. இந்தத் தேர்வை விட்டால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"மூடுதுல்ல? சுடட்டும் விடு" என்றேன்.

"தேஞ்ச போல்ட்டும் மூடத்தான் செய்யும். வெடிக்கும்போது பின்னால பிச்சுக்கிட்டு வரும். அங்க உம்மக கண்ணு இருக்கும்."

"பயமுறுத்தியே பொழப்ப ஓட்டுறே."

"வேற லாரி பிரேக்க உன் வண்டில மாட்டி ஓட்டுவியாண்ணே?"

"ஓட்டிருக்கேன். இப்பவும் அதுலதான் ஓடுது."

"அதான் நான் உன் வண்டில ஏறுறதில்ல."

சொன்னவள் ஏறி உட்கார்ந்தாள்.

மைதானத்தில் துப்பாக்கிகளைக் கூடாரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்றை நான் பார்த்து, "இதோ" என்றேன். கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"எண்ணுல கடைசியா இருக்கறது மூணு. நமக்கு எட்டு வேணும்."

"அழிஞ்ச எட்டா இருக்கும்."

"அழிஞ்சா ஒரு பக்கமா அழியும்?"

கீழே வைத்தாள். கடைசி வரை பார்த்தும் இல்லை. போகலாம் என்று நான் சாவியை எடுத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு காவலாளி நான் இறக்கிய துப்பாக்கிகளில் ஒன்றோடு சிலை மாதிரி நின்றான்.

"அசையாத தம்பி" என்று குனிந்து, அவன் துப்பாக்கியிலிருந்த போல்ட்டைத் துடைத்துப் படித்தாள். எட்டு.

"ஆள் மாத்தற வரைக்கும் தர முடியாதுக்கா" என்றான், உதடு மட்டும் அசைய.

"உன்னை யாரு தரச் சொன்னா. நானும் நிக்கிறேன்."

துப்பாக்கிக் கட்டையை ஒரு விரலால் தொட்டபடியே வெயிலில் நின்றாள். போகிறவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். மாற்று ஆள் வந்த பிறகுதான் விரலை எடுத்தாள். கிடங்குக்கு வந்து மாட்டி, போல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்று அளவுக்கட்டை வைத்துச் சோதித்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் மகள் சுட்டாள். நான் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி தரையில் விழுந்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். எதிலும் விரிசல் இல்லை.

"பாஸ் ஆயிட்டா" என்றேன்.

"ஆகட்டும்" என்று கூடுகளை என் கையில் கொட்டினாள். பிறகு லாரிப் பக்கம் நடந்தாள்.

"வாண்ணே. அந்த பிரேக்கக் கழட்டு."