ஒரு துண்டு சங்கீதம்

நாவலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பால்கனியில் ஒரு பையன் போனிலேயே வேலைக்கு நேர்காணல் கொடுத்துக்கொண்டிருந்தான். பொழுதுபோக்கு என்னவென்று கேட்டார்கள் போலிருக்கிறது. "ஐ லைக் மெனி மியூசிக்ஸ்" என்றான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது; அடக்கிக்கொண்டேன். அவனுக்கு வேலை கிடைத்திருக்கும், எனக்கென்ன போயிற்று?

மியூசிக் எண்ண முடியாத பெயர்ச்சொல். தண்ணீர், மணல் மாதிரி. செங்கல்பட்டில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் இதைப் பிரம்பால் விளக்கினார். 'மியூசிக்ஸ்' என்று எழுதியவனுக்கு விழுந்த அடிகள் மட்டும் எண்ணக்கூடியவை. 'சம் மியூசிக்' என்னலாம், 'எ பீஸ் ஆஃப் மியூசிக்' என்னலாம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது என்னிடம் இருந்த சொத்து ஏறக்குறைய இவ்வளவுதான்.

அதை நம்பித்தான் அக்கா வீட்டுக்காரர் என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டார். கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ், மைக் செட், பேண்டு வாத்தியம் ஏற்பாடு செய்துதரும் கடை. ஊரில் 'பாய் கடை' என்பார்கள்; அவர் பெரிய பாய், நான் சின்ன பாய். ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், மகாபலிபுரம் பங்களாவில் தங்கியிருந்த ஒரு துரைசானி உள்ளூர் வாத்தியம் கேட்க விரும்புவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

"மச்சான், நீ கூட போ. எனுக்கு இங்கிலீஷ் இன்னா தெரியும்?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

கிளாரினெட் மாசிலாமணியையும் அவர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன். மாசிலாமணிக்குப் பண்ணையில் கூலி வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் வாத்தியம். கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே நிற்கவைப்பார்கள். உள்ளே பெரிய வித்வான்களுக்குத் துண்டு போர்த்தும்போது இவர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

துரைசானி கடலில் குளித்த ஈரத்தலையோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள்.

"சம் மியூசிக், ப்ளீஸ்."

"கொஞ்சம் வாசிக்கச் சொல்றாங்க" என்றேன். இலக்கணம் பிசகலாமா?

மாசிலாமணி கொஞ்சம் வாசித்து நிறுத்தினார். அவள் திகைத்துப்போய், "மோர் மியூசிக்!" என்றாள். இன்னும் கொஞ்சம் வாசித்து நிறுத்தினார்.

"இன்னா சின்ன பாய், மருந்து கணக்கா சொட்டு சொட்டா கேட்டுகினு கீறாங்க?" என்று முணுமுணுத்தவர், எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தார். ஊர்வலங்களில் நான் கேட்ட மாசிலாமணி இல்லை அது. யாரும் அவரை அவசரப்படுத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

முடிந்ததும் துரைசானி எழுந்து நின்றுவிட்டாள். "வாட் எ ப்யூட்டிஃபுல் பீஸ்!"

"அழகான துண்டுங்கறாங்க" என்றேன்.

மாசிலாமணியின் முகம் மாறியது. "துண்டா? எனுக்கா?"

கிளாரினெட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தோளைத் தாழ்த்திக் காத்து நின்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று துரைசானி கேட்டாள். எங்கள் பக்கம் நன்றாக வாசித்தவருக்குத் துணி போர்த்துவார்கள், 'பீஸ்' என்றதை நான் துணியாக்கிவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். நாற்காலி முதுகில் காயப்போட்டிருந்த பூப்போட்ட டவலை எடுத்து, இரண்டு கையாலும் அவர் தோளில் போர்த்தினாள். அதிலிருந்து மணல் உதிர்ந்தது.

மாட்டுவண்டியில் திரும்பினோம். ஊர்த்தெரு வந்ததும் மாசிலாமணியின் ஆட்கள் இறங்கி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் டவலோடு நடந்தார். பண்ணைக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாடா தோள்ல?"

"தொரசானி போத்திச்சுங்க. வாத்தியத்துக்கு."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, அவங்களே போத்தினாங்க" என்றேன். வெள்ளைக்காரன் போய் வருஷங்களாகியும், துரைசானி கைபட்ட துணியை இறக்கச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் மாசிலாமணியைப் பண்ணை வேலைக்குக் கூப்பிடவில்லை. கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள், 'தொரசானி வித்வான்' என்று, கேலியாகப் பாதி, நிஜமாகப் பாதி. அவர் டவலை இறக்கவேயில்லை.

அந்த பங்களா இப்போது இல்லை. பேண்டு செட்டும் இல்லை, பண்ணையும் மனைகளாகிவிட்டது. போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். துண்டை இறக்கச் சொல்ல அங்கே ஆளில்லை. தோளில் துண்டு போடுகிறவர்களும் யாருமில்லை.