ஸ்டாப்வாட்சுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்

வயதானவர்களுக்கு உடற்பயிற்சி நடத்துவது மறியலுக்கு ஆள் திரட்டுவதைவிடக் கடினமான தொழில்; மறியலில் உட்கார்ந்தவர்களைப் போலீஸாவது தூக்கி எழுப்பும், இங்கே அவர்களேதான் எழுந்திருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரை. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு நானே துண்டறிக்கைகள் எழுதினேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பம்பு தொழிற்சாலையில் சங்கச் செயலாளராக இருந்தவன். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதன் வாசலில் என்னை நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். எழுபத்திரண்டாம் வயதில், மாடம்பாக்கம் பூங்காவில் நடக்கும் காலை ஆறு மணி உடற்பயிற்சிக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனேன். கைப்பேசிச் செயலி ஒன்று ஒவ்வொருவரின் உடம்புக்கும் தகுந்தபடி தனித்தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுக்கும். ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவர் நழுவாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. முட்டி வலியோடு இதைப் படிக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

விளக்கம் கேட்ட செயலி

முதலில் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் பழைய தொழிற்சாலை ஆட்கள். வேறு யாரை எனக்குக் கூப்பிடத் தெரியும்? செயலியில் பெயர் பதிந்ததும் அது கேள்விகளை அடுக்கியது. முட்டியில் வலி உண்டா, கடந்த ஒரு வருடத்தில் கீழே விழுந்தீர்களா, நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறீர்களா. லேத் மெஷினில் முப்பது வருடம் நின்ற மாசிலாமணி, மூச்சு வாங்க நடந்து வந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றான்.

"ஏண்டா பொய் சொல்ற, உனக்காகத்தானே கேக்குது" என்றேன். அவன் என்னை ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"மேனேஜ்மெண்ட் விளக்கம் கேட்டா ஒண்ணத்தையும் ஒத்துக்காதேன்னு சொல்லிக் குடுத்ததே நீதான தோழரே."

ஸ்டெல்லாவின் கோரிக்கை

கடைசிக் கேள்வி, உங்கள் இலக்கு என்ன என்பது. பெரும்பாலோர் உடம்பு நல்லா இருக்கணும் என்று பொதுவாகச் சொன்னார்கள். அசெம்பிளி பிரிவில் இருந்த ஸ்டெல்லா மட்டும் கோரிக்கை மனு எழுதுவதுபோலத் துல்லியமாகச் சொன்னாள்: ஐம்பத்து நான்கு படிகள்.

அறுபத்தெட்டு வயது. கணவர் இல்லை. பெருங்களத்தூரில், லிப்ட் இல்லாத பழைய கட்டிடத்தில், மூன்றாவது மாடியில் சொந்த வீடு. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை ஆன பிறகு சேலையூரில் மகள் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்தாள். பயிற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குள் அம்மா யாரும் பிடிக்காமல் அந்தப் படிகளை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்; இல்லையென்றால் வீடு வாடகைக்குப் போய்விடும், அம்மா சேலையூரோடு சரி. மகள் கெட்டவள் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை, பரீட்சை வைத்துப் பழகிவிட்டாள். மகளோடு இருப்பதில் என்ன குறை என்று நான் கேட்டேன்.

"குறை ஒண்ணும் இல்லண்ணா. ஆனா கிறிஸ்துமஸுக்கு அங்க தொங்குறது அவ ஸ்டாரு. என் ஸ்டார் என் பால்கனில தொங்கணும்."

நார்ம்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்பதை எதிரே சாய்த்து வைத்த கைப்பேசியின் கேமராவே எண்ணிக்கொள்ளும். முதல் சோதனையில் மாசிலாமணி ரோஷத்தோடு பன்னிரண்டு முறை எழுந்தான். மறுநாள் செயலி அவனுக்குப் பயிற்சியைக் கூட்டிவிட்டது. பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தான். எனக்குப் பழைய நாட்கள் கண்முன் வந்தன. தொழிற்சாலையில் ஓர் அதிகாரி ஸ்டாப்வாட்சோடு மெஷின் பக்கத்தில் வந்து நிற்பார். அன்று நீ எத்தனை பீஸ் போடுகிறாயோ, மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அதுதான் நார்ம், அதாவது கட்டாய அளவு. அதனால் வாட்ச் நிற்கிற இடத்தில் கை மெதுவாகத்தான் போக வேண்டும் என்று நான்தான் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தேன். ஒரே ஒரு ஆள்கூட வேகமாகச் செய்து எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

ஆகவே பூங்காவில், ஊஞ்சல் பக்கத்தில், ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். சோதனை அன்று யாரும் ஆறைத் தாண்டக் கூடாது. பயிற்சி எப்படி இருந்தது என்று செயலி தினமும் கேட்கும்போது, எளிது, சரியாக இருந்தது, கஷ்டம் என்ற மூன்றில் எல்லோரும் கஷ்டத்தைத்தான் தொட வேண்டும். கைகள் அத்தனையும் உயர்ந்தன. இத்தனை வருடம் கழித்தும் கட்டுப்பாடு குலையவில்லை என்று பூரித்துப்போனேன். எல்லோருக்கும் முன்னால் ஸ்டெல்லாதான் எழுந்து கேட்டாள்:

"ஆறு போதுமாண்ணா, இல்ல நான் அஞ்சே காட்டட்டுமா?"

பழைய அதிகாரி

ஒரு நாள் பூங்கா வாசலில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் வந்து நின்றார். ராகவன். அந்த ஸ்டாப்வாட்ச் அதிகாரியேதான். கேம்ப் ரோடு பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாராம், மருத்துவர் அனுப்பினாராம். அவரைச் சேர்த்துக்கொள்வதா என்று எங்கள் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். முட்டி வலியில் கட்சி பார்க்க முடியாது என்று சேர்த்துக்கொண்டேன். ஆனால் அவரிடம் தீர்மானத்தைச் சொல்லவில்லை.

தீபாவளியும் வந்து போனது. ஸ்டெல்லாவுக்குச் செயலி இன்னமும் உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றும் பயிற்சியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. படியேறும் பயிற்சி திறக்கவே இல்லை. செயலிக்காரர்களின் பிசியோதெரபிஸ்ட்டைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். எட்டு முறையாவது எழுந்தால்தான் படி திறக்கும், அந்த அம்மா ரொம்ப பலவீனமாக இருக்கிறார் என்றாள். அதே வாரம், பெருங்களத்தூர் வீட்டை வாடகைக்குப் பார்க்க ஒரு குடும்பத்தை மகள் கூட்டிப் போனதாக ஸ்டெல்லா சொன்னாள். அதைச் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சோதனையில் சொன்ன சொல் தவறாமல் மெதுவாக ஆறு முறை எழுந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ராகவனும் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"செயலாளர், உங்க ஆளுங்க அன்னிக்கு மாதிரியேதான் இன்னிக்கும் மெதுவா பண்றாங்க. அப்ப நஷ்டம் கம்பெனிக்கு. இப்ப யாருக்கு?"

வாபஸ்

நிர்வாகத்தின் முன்னால் நான் எந்தக் கோரிக்கையையும் வாபஸ் வாங்கியதில்லை. வேலை போனபோதும் வாங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் ஒரு துண்டறிக்கை எழுதினேன். மறுநாள் காலை, ராகவன் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, அதை நின்று வாசித்தேன். இந்தத் தொழிற்சாலையில் தொழிலாளியும் நாம், முதலாளியும் நாம், உற்பத்தியாவது நம் சொந்தக் கால். ஆகவே போன தீர்மானம் தவறு, அந்தத் தவறு செயலாளருடையது. கடைசி வரியை வாசிக்கும்போது குரல் கொஞ்சம் இடறியது. யாரும் சிரிக்கவில்லை. சோதனையை மறுபடி வைத்தோம். ஸ்டெல்லா கைகளைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது முறை எழுந்தாள்.

படி திறந்தது. முதலில் பூங்கா மேடையின் இரண்டு படிகள், பிறகு தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் கைப்பிடியோடு பாதி தூரம், பிறகு முழுத் தூரம். செயலி ஒரு வாரத்துக்கு எவ்வளவு கூட்டச் சொன்னதோ அவ்வளவுதான் கூட்டினாள்; அதற்கு மேல் ஒரு படிகூட ஆசைப்படவில்லை. அடுத்த சோதனையில் பன்னிரண்டு. மேம்பாலத்தின் உச்சியில் ராகவன் நின்று எண்ணுவார், கைதட்டுவார். கூடவே ஏறிய மாசிலாமணியால் அதைத் தாங்க முடியவில்லை.

"இந்த ஆளு வாட்ச்சை ஏமாத்தியே காலம் தள்ளுனேன் தோழரே. இப்ப அதே ஆளு எனுக்குக் கைதட்டிகினு கீறாரு, பேஜாரா கீது."

ஐம்பத்து நான்கு படிகள்

டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை காலை பெருங்களத்தூர் போனோம். மகள் தன் அம்மாவுக்கு இரண்டு படி பின்னால் நின்றாள். கை நீட்டியிருந்தது, ஆனால் தொடவில்லை. ஸ்டெல்லா கையில் பையும் இல்லை, கம்பும் இல்லை. முதல் மாடியில் நிற்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். பத்து மூச்சு எண்ணியிருப்பேன். மறுபடி ஏறினாள். நான் அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் பயிற்சி நடத்தியவன் எனக்கென்று ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து எழவில்லை. இதை எழுதாமல் விட்டிருப்பேன், மாசிலாமணி மாடம்பாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

மேலே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து, ஸ்டெல்லாவே கீழே இறங்கி என்னைத் தாண்டித் தெருவரை போய், மறுபடி ஏறி வந்தாள். அந்த இரண்டாவது முறை பரீட்சையில் இல்லாதது. நானும் கைப்பிடியைப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தபோது, மகள் நாற்காலி போட்டு ஏறி, பால்கனியில் சிவப்புக் காகித ஸ்டாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. ஸ்டெல்லாவின் கைப்பேசி, பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டது. "கஷ்டம்னு போடு ஸ்டெல்லா, இல்லன்னா நாளைக்கு மொட்டை மாடி ஏறச் சொல்லுவான்" என்றான் மாசிலாமணி. அவள் கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. 'சரியாக இருந்தது' என்பதைத் தொட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சொல்லட்டும். துணி அங்கதான காயப் போடணும்."

ஐம்பது வருடப் போராட்ட வாழ்க்கையில் நான் வைத்த கோரிக்கைகளில் முழுமையாக நிறைவேறியது ஒன்றுதான், அதுவும் உற்பத்தியைக் கூட்டுங்கள் என்று என் ஆட்களிடமே நான் வைத்தது.