தங்கமாரி பெயரில் ஒரு டிக்

ரேணுகாதேவி கோவில்பட்டிக்காரி. பதினோரு வருஷமாகக் கருத்துக்கணிப்பு எடுக்கிறாள். தேர்தல், மதுக்கடை, மக்காச்சோளத்துக்குக் காப்பீடு, எதுவானாலும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கேட்பாள். ‘டிக் அடிக்கிற அக்கா’ என்று ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

ஆவணியில் புதூர் பக்கம் ஒரு ஊருக்குப் போனாள். பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது, கருவைக் கலைக்கும் முடிவைப் பெண்ணிடமே விடலாமா என்பது. எந்த வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்று டேப்தான் குலுக்கிப் போட்டுச் சொல்லும். சொர்ணத்தாய் வீட்டில் அது மருமகளைக் காட்டியது. தங்கமாரி, வயது இருபத்தாறு.

தங்கமாரி வீட்டில் இல்லை. எப்படி இருப்பாள்? புதியம்புத்தூர் தையல் கம்பெனி வேன் காலை ஆறரைக்கு ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போனால், பொழுது அடைந்த பிறகுதான் கொண்டுவந்து இறக்கும். ரேணுகாவுக்கோ கடைசி பஸ் ஐந்தரைக்கு. பகலில் அந்த ஊரில் மிஞ்சுவது கிழடுகளும் ஆடுகளும். ஆட்டுக்கு ஓட்டு இல்லாததால் கிழடுகளைக் கேட்பார்கள்.

சொர்ணத்தாய் உளுந்து விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவளத்தான் கேக்கணுமோ? அவ வேற, நான் வேறயா தாயி? எழுதிக்கோ.”

மருமகளுக்கு மாமியார் பதில் சொல்வது அங்கே ஆஸ்பத்திரியிலும் உண்டு, ரேஷன் கடையிலும் உண்டு. யாருக்கும் அது தப்பாகத் தெரியாது. ரேணுகாவுக்கும் தெரியவில்லை. ஒன்பதாவது கேள்வி வந்ததும் கிழவி முறத்தைக் கீழே வைத்தாள். அது பாவம், எங்கள் வீட்டில் ஒருத்தரும் சம்மதிக்க மாட்டோம் என்றாள். ரேணுகா ‘கூடாது’ என்பதைத் தொட்டாள். பெயர் தங்கமாரி என்றே நின்றது. மாற்றினால் டேப் படிவத்தை ஏற்காது. அந்தப் பக்கம் அவள் எடுத்த இளம்பெண்கள் நாற்பது பேர். அதில் முப்பத்தொரு பேரின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

ஐப்பசியில் முடிவு பேப்பரில் வந்தது. இளம்பெண்களிலேயே நூற்றுக்கு எண்பத்தொரு பேர் கருக்கலைப்புக்கு எதிர்ப்பாம். யாரோ அதை வெட்டி, கருக்கலைப்பை நிறுத்தச் சொல்லிக் கலெக்டருக்கு எழுதிய மனுவில் ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்துச் சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மா வந்து கருக்கலைப்புச் செய்துவந்தார். புதன்கிழமை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள். அன்றைக்கு எந்தப் பெண் உள்ளே போனாலும் எதற்கென்று ஒருவரும் கேட்பதில்லை. மக்கள் விரும்பவில்லை என்று சொல்லி அந்த அம்மாவை வேறு ஊருக்குப் போட்டார்கள். சட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. டாக்டர்தான் இல்லை.

அடுத்த வாரம் ரேணுகாவுக்கு ஒரு போன் வந்தது. பின்னால் தையல் மிஷின் இரைச்சல். பேசியது தங்கமாரி. ரேணுகா ஆவணியில் அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்த சீட்டில் நம்பர் இருந்திருக்கிறது. தங்கமாரிக்குக் கையில் எட்டு மாசப் பிள்ளை. மறுபடியும் நாள் தள்ளிப்போய்விட்டது. புருஷன் திருப்பூரில். வயிறு தெரிந்தால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள், அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பினால் மாமியாரும் கூடவே வருவாள்.

“புதன்கிழம டாக்டர் திரும்ப வருவாவளாக்கா? நீங்க கவர்மெண்ட் ஆளுன்னு அத்த சொன்னாவ.”

ரேணுகா பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“எம் பேர்லயா?” என்றாள் தங்கமாரி. “எங்கிட்ட யாருக்கா கேட்டா?”

கம்பெனி மணி அடித்தது. போன் நின்றுவிட்டது.

ரேணுகா சூப்பர்வைசர் செல்வகணேஷிடம் போய் முப்பத்தொரு படிவமும் தப்பு என்றாள். கெட்ட பையன் இல்லை அவன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான்.

“எல்லா சர்வேலயும் பிழை உண்டுக்கா. கூட்டல் கழித்தல் மூணு சதவீதம்னு கீழயே போட்டிருக்கோம்லா.”

“அந்த மூணுக்குள்ள தங்கமாரி எங்கன இருக்கா தம்பி?”

எழுதிக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தாள். ‘அடுத்த சுற்றில் கவனிக்கப்படும்’ என்று பதில் வந்தது. இதில் சதி ஏதாவது இருந்தால் கொடி பிடித்து இறங்கலாம். இங்கே எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தார்கள்.

அடுத்த சுற்று பங்குனியில். அரசு மருத்துவச் சேவையில் மக்களுக்குத் திருப்தியா என்று கேட்க வேண்டும். பழைய வீடுகள், பழைய பெயர்கள். இந்த முறை தங்கமாரி வீட்டில் இருந்தாள். ஏழாம் மாசம், கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். சுவரில் சாய்ந்து மூத்ததை மடியில் போட்டிருந்தாள். பக்கத்தில் சொர்ணத்தாய்.

ரேணுகா சொர்ணத்தாய் பக்கம் திரும்பாமல் தங்கமாரியிடமே கேட்டாள். தங்கமாரி டேப்பைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

“நீங்களே போட்டுக்கிடுங்கக்கா. போன தடவ போட்டீயள்லா.”

“வாயப் பாரு இவளுக்கு,” என்று சொர்ணத்தாய் சிரித்தாள். “நல்லாருக்குன்னு போடு தாயி.”

தங்கமாரி மடியில் கிடந்த பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரேணுகா காத்திருந்து பார்த்தாள். பிறகு ‘திருப்தி’யைத் தொட்டாள். கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால், இந்த முறை படிவத்தில் பிழை ஏதும் இல்லை.