பேச ஆரம்பித்தால்தான் நேரம்

வரிசையில் நிற்பவரை ஒரு பார்வை பார்ப்பார்; மைக்கை இரண்டு விரற்கடை இறக்குவார். அடுத்தவர் நெட்டை என்றால் சரசரவென்று ஏற்றுவார். "குனிஞ்சு பேசினா கெஞ்சுற மாதிரி இருக்கும். அவங்க வரிப்பணம்தானே, நிமிர்ந்து கேட்கட்டும்" என்பார். மாநகராட்சி மன்றக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் மைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

வருடத்தில் ஒரு நாள்தான் அந்தக் கூடம் பொதுமக்களுடையது. துறைகள் கேட்டதைக் கேட்டு, நிதிப் பிரிவு வெட்டியதை வெட்டி, பட்ஜெட் வரைவு வெளியானதும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்ததும் மணியடித்து மைக்கை அணைப்பது இவர் வேலை. கவுன்சிலர்களிடம் ஈவிரக்கமே கிடையாது. பாதி வாக்கியத்தில் அணைத்துவிடுவார். பொதுமக்களுக்கு மட்டும் தனிச் சட்டம். முதல் வார்த்தை வெளியே வந்த பிறகுதான் கடிகாரத்தைத் தட்டுவார்.

"மூச்சு வாங்குறதுக்கும் கண்ணாடி தேடுறதுக்குமா நேரத்தக் கழிக்கிறது? பேச ஆரம்பிச்சாத்தானே நேரம்!"

வீட்டில் பேச்சு முழுக்க மனைவியுடையது. "அங்க நான் மைக்க அணைக்கிறேன். இங்க சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியல" என்று அலுத்துக்கொள்வார். போன வருடம் பக்கவாதம் வந்து அந்த வாய் ஓய்ந்துபோனது. கை கால் தேறிவிட்டன, சொல் திரும்பவில்லை. கேலி பேசிய மனிதருக்கு வீட்டின் அமைதி தாங்க முடியாததாகிவிட்டது. மாநகராட்சி மருத்துவமனையில் ஒரு டீச்சர் நடத்தும் இலவசப் பேச்சுப் பயிற்சி வகுப்புதான் ஒரே நம்பிக்கை. மனைவி உதட்டைக் குவித்துப் பழகத் தொடங்கிய நேரம் பார்த்து வரைவு வந்தது. செலவைக் குறைக்க அதிலிருந்து அந்த வகுப்பை நீக்கியிருந்தார்கள்.

மாநகராட்சி ஊழியர் அந்தக் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது விதி. ஊரே பேச வழி செய்கிறவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் ஒரு தையல்காரர் வந்தார். மனைவியின் வகுப்பில் அவரை மைக்காரர் பார்த்திருக்கிறார். அவருக்கும் அதே வியாதி. மைக் முன்னால் நின்றார். உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. கூடம் நெளிந்தது.

"நேரம் போகுதே, மணியடிங்க" என்றார் ஒரு கவுன்சிலர்.

"இன்னும் ஆரம்பிக்கலைங்க" என்றார் மைக்காரர், கடிகாரத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. மேயர் அம்மா ஆமோதித்துத் தலையசைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பா... பாருங்க" என்றார் தையல்காரர். "பேசுறேன். அந்த... டீச்சரால."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார்.

நிதிக் குழு வகுப்பைத் திரும்பச் சேர்த்தது. மைக்காரர் மறுநாளே தையல் கடைக்குப் போய்ச் சட்டைக்கு அளவு கொடுத்தார். பிறகு இன்னொரு சட்டை. அப்புறம் இன்னொன்று. எதற்கு இத்தனை என்று கேட்டால் சிரிக்கிறார். "அந்த மனுஷனுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. துணியா எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

குழு சேர்த்தால் போதாது. மன்றம் கை தூக்கினால்தான் பட்ஜெட். இறுதிக் கூட்டத்தன்று கவுன்சிலர்கள் எதையெதையோ சொல்லி முட்டிக்கொண்டார்கள். கடைசியில் கைகள் உயர்ந்தன. நிறைவேறியது என்று மேயர் அம்மா அறிவித்தார். மேசை தட்டும் சத்தத்துக்கு நடுவே மைக்காரர் வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"கிளாஸ் இருக்கும்மா. உன் கிளாஸ் இருக்கு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த மூச்சு ஏதோ ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர முயல்வது கேட்டது.

மேயர் அம்மா நன்றி சொல்ல எழுந்தார். மைக் வேலை செய்யவில்லை. தட்டிப் பார்த்தார். "மைக்க போடுங்க" என்று இந்தப் பக்கம் திரும்பினார். கூடமே திரும்பியது.

மைக்காரர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி, மேயர் இருந்த பக்கமாக உள்ளங்கையை உயர்த்தினார்.